விரல் நீட்டினாலே சிரிப்பவர்

அவரைத் தொடக்கூட வேண்டாம். பத்தடி தள்ளி நின்று ஆள்காட்டி விரலை அவருடைய விலாவை நோக்கி நீட்டி, காற்றில் சும்மா ஒரு வட்டம் போட்டால் போதும். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், கொத்து மீசை, தூண் மாதிரி கை. அந்த உடம்பு அப்படியே ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும். "டேய், வேணாம் மாமே. கையில ஸ்பேனர் கீது. மூஞ்சி பேந்துடும்" என்று சிரித்துக்கொண்டே பின்னால் பின்னால் போவார். முதுகு சுவரில் முட்டியதும், சுவர் தொட்டுவிட்டதற்காக இன்னொரு முறை துள்ளுவார்.

திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெயிண்டுக்கும் எண்ணெய்க்கும் தகர டின் அடிக்கிற தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்கேதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், என் அம்மா பயந்து பயந்து ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: வயதில் பெரியவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. ஆகவே அவரை நான் 'அண்ணா' என்றேன். அவர் என்னை 'இன்ஜினீரு' என்றார். எரிச்சல் வந்தால் மட்டும் 'நைனா'.

வெட்கப்படுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வெட்கம் அவருக்குக் கிடையவே கிடையாது. பேக்கிங் பெண்களுக்கு ஃபேன் வேண்டும் என்று மேனேஜரின் அறைக்குள் லுங்கியோடு போய் நின்றவர். அவருக்கு இருந்தது உடம்புக் கூச்சம். குழந்தைகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டுவோமே, அதுதான். வளர வளர எல்லோரையும் விட்டுப் போகிற அது, இவரை மட்டும் விடாமல் இவரோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

காசிமேட்டில் ஒரே ஒரு சலூன்காரர்தான் அவருக்கு முடி வெட்டுவார். பின்கழுத்துக்கு மெஷின் வருவதற்கு முன்னால் "வர்றேன், வர்றேன், வந்துட்டேன்" என்று ரயில் வருவதுபோல அறிவித்துக்கொண்டே வருவாராம். தையல்கடையில் இன்ச் டேப்பைத் தானே வாங்கி, தன் மார்பைத் தானே அளந்து, எண்ணைச் சொல்லிவிட்டு வருவார். அதனால் அவருடைய சட்டைகளில் எதுவும் சரியாக இருந்ததில்லை. சின்ன வயதில் தெரு டீமில் கோல்கீப்பராக நின்றதற்குக் கூட இதுதான் காரணம். "கோலாண்ட நின்னா எவனும் மேல வந்து வுழ மாட்டான். பால்தான் வரும். பால் பட்டா கூச்சம் கெடயாது" என்பார்.

ஒருமுறை நாங்கள் இருவரும் பேரிங் வாங்க வண்ணாரப்பேட்டை போனோம். பஸ்ஸிலேயே போகலாம் என்று அவர் முனகியதன் காரணம் மெட்ரோ வாசலில்தான் எனக்குப் புரிந்தது. காவலர் சோதனைக் கருவியை அவருடைய இடுப்பருகே கொண்டுவந்தார். தொடக்கூட இல்லை. அண்ணன் ஹிக் என்று மடிந்து கைப்பிடிக் கம்பியில் தொங்கினார். காவலர் மறுபக்கம் போனார். அண்ணன் மறுபக்கம் மடிந்தார்.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். தொட்டா இப்டித்தான் சார்."

"நான் இன்னும் தொடவே இல்லியேய்யா."

"தொடப்போறீங்கல்ல சார், அதான்."

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடப் பெண் சிரித்தாள், அவள் அம்மா சிரித்தார், கடைசியில் காவலருக்கும் அது தொற்றிக்கொண்டது. "யப்பா, நீயே தட்டிக் காட்டிட்டுப் போயிடு" என்றார். அண்ணன் தன் பைகளை, இடுப்பை, விலாவைத் தானே தட்டிக் காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு உள்ளே வந்தார்.

ரயிலில் உட்கார்ந்ததும் நான், "உங்களோட இருந்தா ஜாலியாத்தான் இருக்குண்ணா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் அத்தயேதான் சொல்றானுங்க. சிரிக்கிறது ஒடம்பு இன்ஜினீரு. நா இல்ல."

அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு ஒரு நிச்சயதார்த்தம் நடந்து முறிந்திருந்தது. ராயபுரத்துப் பெண். பெண்ணின் மாமா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, முறைப்படி இவர் கழுத்தில் சந்தனம் பூசக் கை வைத்திருக்கிறார். இவர் துள்ளிய துள்ளலில் முழங்கை அந்த மாமாவின் தாடையில் இறங்கியது. கிண்ணம் பறந்தது. சந்தனம் பெண் வீட்டுப் பட்டுப்புடவைகள் மேல் கொட்டியது. எல்லாவற்றையும்விட மோசம், தாடையைப் பிடித்துக்கொண்டு மாமா தரையில் உட்கார்ந்திருக்கும்போது இவர் நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு என்னவோ இருக்கிறது என்று பேசி, மறுநாளே தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மறுபடியும் ஒரு சம்பந்தம் கூடியிருந்தது. தண்டையார்பேட்டைப் பெண், மருந்துக் கடையில் வேலை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவரின் ஒரே மகள். பழைய கதையை அண்ணன் முதல் சந்திப்பிலேயே பெண்ணிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "சரி, நான் தொடல. நீங்க பேசுங்க" என்றாராம். அதற்கப்புறம் அண்ணன் வேறு யாரையும் நினைக்கத் தயாராக இல்லை.

ஒரே ஒரு முள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் பாதங்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவுவார். பாத பூசை. உள்ளங்காலைக் கையால் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தடவி, பூ வைப்பார். நூறு பேர் பார்க்க, பெரிய மனிதர் ஒருவர் குனிந்து செய்கிற காரியம். அண்ணன் வருங்கால மாமனாரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். அவர், "கூச்சம்லாம் மனசுல கீது மாப்ள. எனக்கு ஒரே பொண்ணு. அவ கண்ணாலத்துல ஒங் கால நா கழுவாம எவன் கழுவுவான்" என்று முடித்துவிட்டார்.

"அவரு வாயில ஒத வுட்டன்னு வெய்யி, அப்பால இன்னா பண்றது" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்தப் பெரியவரின் முகத்துக்கும் தன் பாதத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அவர் மனதில் அளந்துகொண்டிருந்தது தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பேக்கிங் பகுதிக்கு இயந்திரக் கை வந்தது. டின்னை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற கை. அதைச் சுற்றிக் கூண்டு கிடையாது. பெண்கள் அதன் பக்கத்திலேயே நின்று வேலை செய்வார்கள். ஆகவே யார் மேலாவது பட்டால் அந்தக் கணமே அது நிற்க வேண்டும். அதற்காக அதன் கறுப்பு ரப்பர் உறைக்கு அடியில், தொடுகையை உணர்கிற மெல்லிய பட்டைகள் ஒட்டியிருந்தன. அதைப் பழக்குவது என் பொறுப்பு.

பேக்கிங்கில் மூத்தவரான அக்கா ஒருவர், "அது எப்டிபா ரப்பருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"உங்க வூட்டு கேஸ் லைட்டருக்குப் பேட்டரி போடுறீங்களாக்கா?"

"இல்லியே."

"அப்பறம் பொறி எங்கேந்து வருது? அழுத்துனா உள்ள கீற ஒரு சின்னக் கல்லு அடி வாங்குது. அடி வாங்குனா அதுலேந்து கரண்டு வருது. இந்தப் பட்டையும் அந்த வகைதான், பேப்பர் மாதிரி. யாராச்சும் தொட்டா கொஞ்சூண்டு கரண்டு வரும். வந்தா மிஷின் நின்னுடும்."

சொன்னது சரிதான். நின்றது. ஆனால் நின்றுகொண்டேயிருந்தது. வெளியே கன்டெய்னர் லாரி போனால் நின்றது. தட்டில் யாராவது டின்னைத் தொப்பென்று வைத்தால் நின்றது. யாரும் எதுவும் செய்யாதபோதும், டின்னை எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினால் பாதி வழியில் நின்று சின்னதாக ஒரு நடுக்கம் நடுங்கியது.

அக்கா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "இன்னாபா, உன் தம்பியா இது?"

அவ்வளவுதான். பேக்கிங் பகுதியே அதைப் பிடித்துக்கொண்டது. தூரத்தில் நின்று கைக்கு விரல் நீட்டுவார்கள். தற்செயலாக அந்நேரம் ஒரு லாரி போய் அது நின்றுவிட்டால் ஒரே கூத்து. நான் அவமானத்தில் குறுகிப்போனேன். மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் விற்றவர்களிடமே திருப்பி அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் வேறு சொல்லியிருந்தார். அண்ணன் மட்டும் அதைக் கிண்டல் செய்யவில்லை. யாராவது அதைக் குத்தப் போனால் குறுக்கே வந்து நிற்பார். "அத்த நோண்டாத. அதுக்கு எப்டி கீதுன்னு எனக்குத் தெரியும்."

கோளாறு பட்டைகளில் இல்லை என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. கை தானே வீசித் திரும்பும்போது அதன் உடம்பே அதிர்கிறது. அந்த அதிர்வையும் யாரோ தொட்டதாக அது எண்ணிக்கொள்கிறது. ஆகவே டின் எதுவும் இல்லாமல் கையை ஒரு நாள் முழுக்க வெறுமனே ஆடவிட்டேன். எந்த அசைவுக்குத் தன்னிடம் எவ்வளவு அதிர்வு வரும் என்று அதற்கே தெரியட்டும் என்று. பிறகு, தன் அசைவால் வருவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார் என்று அதற்குப் புரோகிராம் எழுதினேன். லாரிக்காக அதன் பீடத்துக்கு அடியில் இன்னொரு பட்டை ஒட்டினோம்; தரை நடுங்கினால் அது சொல்லிவிடும், அதையும் கழித்துவிடலாம். ஒட்டியது அண்ணன்தான். அந்தப் பெரிய கைகள் எவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்பதை அன்று பார்த்தேன்.

மறுநாள் கை ஓடியது. லாரி போனது, நிற்கவில்லை. வேகமாகத் திரும்பியது, நடுங்கவில்லை. அக்கா வளையலைத் தள்ளிவிட்டு ஒற்றை விரலால் அதைத் தொட்டார். நின்றது. கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அக்கா அண்ணனைப் பார்த்து, "தம்பி தேறிட்டான். நீ எப்பபா?" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இன்ஜினீரு, ஒரு டவுட்டு. அதே அதையே தொட்டுகினா அதுக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா. ஆனா நம்ம அசைவுதான்னு முன்னாடியே தெரியறதால கண்டுக்காது. நமக்கும் அப்டித்தானே. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்க முடியாதுல்ல."

அவர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். தன் உள்ளங்காலைத் தானே விரலால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வேகமாகச் சுரண்டினார். ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ தொடு."

தொட்டேன். என் சாப்பாட்டு டப்பா மூடியோடு ஒரு பக்கமும், நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். பேக்கிங் பெண்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"இரு, இரு. சிரிக்காத" என்று அண்ணன் என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "இப்ப நீ தொடு. ஆனா உங் கை மேல எங் கை இருக்கட்டும். நான்தான் ஓட்டுவேன். நீ சும்மா வா."

என் கைமேல் அவர் கை. இரண்டும் சேர்ந்து அவருடைய பாதத்துக்குப் போயின. கன்னம் புடைத்தது, மீசை துடித்தது. கால் அங்கேயே இருந்தது. குதிகாலிலிருந்து விரல்வரை ஒருமுறை போய்வந்தோம். அவர் கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வருது. ஆனா பக்கத்து வூட்டு டிவி மாதிரி கேக்குது."

அன்றிலிருந்து மதிய இடைவேளை எல்லாம் ஒத்திகைதான். அக்காமார்கள் முறை வைத்துக்கொண்டு மாமனார் ஆனார்கள். தாம்பாளத்துக்குப் பதில் டின் மூடி அடுக்குகிற தட்டு. "மாப்ள, காலக் குடு" என்று மூத்த அக்கா குரலைக் கனமாக்கிக்கொண்டு குனிவார்; அண்ணன் அவர் கைமேல் கை வைப்பார்; சுற்றி நின்று நாங்கள் நாதஸ்வரம் வாசிப்போம். சில நாள் தேறினார். சில நாள் தட்டு பறந்தது. "மாமனாருக்கு ஹெல்மெட் போட்டுடலாம்பா" என்று அக்கா யோசனை சொன்னார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் கல்யாண நாள் நெருங்க நெருங்க அண்ணன் சாப்பிடுவது குறைந்தது.

கல்யாணம் தண்டையார்பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன மண்டபத்தில். பேக்கிங் பகுதி முழுவதும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். மேடையில் பட்டு வேட்டியில் அண்ணன் சிலைபோல இருந்தார். மாலை போடும்போதே கழுத்து ஒருமுறை வெட்டியது. அவரே மாலையைக் கையில் வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளித்தார். சந்தனத்தைத் தானே பூசிக்கொண்டார். பெண் வீட்டார் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராயபுரத்துக் கதை அவர்கள் காதுக்கும் வந்திருந்தது.

தாம்பாளம் வந்தது. மாமனார் வேட்டியை மடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். முகம் சரியாக அண்ணனின் பாதங்களுக்கு நேரே. மாமியார் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். மாமனார் கையை நீட்டினார். அண்ணன் சட்டென்று குனிந்து அந்தக் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

மேளம் தயங்கியது. மேடை ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர், பெண்ணுக்குப் பெரியப்பா முறை, "மாப்ள, இன்னா பண்ற. கைய எடு. நிமிந்து உக்காரு" என்றார்.

அண்ணன் கையை எடுக்கவில்லை. "இல்ல பெரியப்பா. இப்டியே இருக்கட்டும்" என்றார். அந்த ஆறடி உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை. என் பக்கத்தில் அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார், நகம் பதிய.

இரண்டு கைகளும் சேர்ந்து பாதத்தில் இறங்கின. குதிகால். உள்ளங்கால். விரல்கள். தண்ணீர் தாம்பாளத்தில் விழுகிற சத்தம் மட்டும். கால் அசையவில்லை. இடது கால் முடிந்து வலது கால். அதுவும் அசையவில்லை.

அப்போது எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு கிழவியின் குரல் கேட்டது. "பாத்தியாடி. மாமனாரு தங் காலத் தொடுறது பொறுக்காம எப்டிக் கையப் புடிச்சிக்கிறான் பாரு. இந்தக் காலத்துல எவன் கீறான் இப்டி."

"மரியாத தெரிஞ்ச புள்ள."

"பெத்தவள சொல்லணும்."

அது வரிசை வரிசையாக முன்னால் வந்து மேடை ஏறியது. கையை எடு என்று அதட்டிய பெரியப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு போட்டோக்காரரைப் பார்த்து, "இன்னாபா பாத்துகினு கீற. இத்த எடு" என்றார். அக்கா என் காதருகே குனிந்து, "வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றார். நான் திறக்கவில்லை. தாலி ஏறியது.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அண்ணனைத் தனியாகப் பிடித்தேன்.

"ஷோக்கா வேலை செஞ்சிச்சுண்ணா."

"செய்யல இன்ஜினீரு."

"நீங்க ஒதைக்கவே இல்லியே."

"மாமா கை நடுங்கிகினு இருந்திச்சு." அவர் குழாயை மூடாமல் நின்றார். "கப்பலுக்கு மேல பெட்டிய தூக்கி வெச்ச கை அது. மேல கை வெச்ச ஒடனே தெரிஞ்சிச்சு. ஒரே பொண்ணாச்சே. அந்த நடுக்கம் நிக்கட்டும்னு புடிச்சிகினேன் பாரு, எங் காலு கீதா இல்லியான்னே எனக்குத் தெரில."

பிறகு மணப்பெண் கூப்பிட்டார், போய்விட்டார்.

கொஞ்ச காலத்தில் அவர் மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பினார்கள். நானும் வேலை மாறினேன். இப்போது எப்போதாவது போனில் பேசுவதோடு சரி.

போன மாதம் வியாசர்பாடியில் என் பெரியம்மா மகனுக்கு, எனக்குத் தம்பி முறை, கல்யாணம். தாம்பாளம் வைத்தார்கள். பெண்ணின் அப்பா குனிந்தார். என் தம்பி மாப்பிள்ளை முறுக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மேடையில் இருந்த, எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மாப்ள, கை எங்க? மாமனார் கை மேல வெய்யி."

"எதுக்கு தாத்தா?"

"எதுக்கா? நம்ம பக்கத்துப் பழக்கம் தெரியாம வளத்துட்டாங்களா உன்ன? எங்கப்பனும் வெச்சான், நானும் வெச்சேன்."

என் அம்மா என் பக்கம் சாய்ந்து, "உனக்குத் தெரியுமாடா இந்தப் பழக்கம்?" என்று கேட்டார்.

"தெரியும்மா" என்றேன்.

மேடையில் என் தம்பி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குனிந்து கையை வைத்தான். வைத்தவன் முணுமுணுப்பதை நிறுத்தினான். பெண்ணின் அப்பா தலையை உயர்த்தி அவனைப் பார்த்தார். தண்ணீர் ஊற்ற வேண்டிய பெண்ணின் அம்மா, செம்பைச் சாய்க்காமல் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.